நாலு மூலை

சீசன் தொடங்கி மூன்று ஆட்டம் ஆகியும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. நாலாவதிலும் தோற்றால் பேஸ்பால் அணியையே கலைத்துவிடுவதாகக் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காத எங்களைத்தான் ஜெபமணி மாஸ்டர் பிடித்துப் போட்டிருந்தார். "ஏல, இது கிரிக்கெட் இல்ல. அடிச்சதும் மட்டையக் கீழ போடு. நாலு மூலையையும் சுத்தி வந்தாத்தான் ஒரு ரன்" என்று தினமும் தொண்டை கிழியக் கத்துவார். அந்த நாலாவது ஆட்டத்தில் எங்கள் இசக்கிதுரை அடித்த பந்து மைதானத்து ஓரம் முட்புதருக்குள் போய்ச் சிக்கியது. மட்டையோடு ஓடியவன் முதல் மூலையைத் தொட்டான். அப்படியே திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான். நாங்கள் தலையில் கைவைத்துக்கொண்டோம். மாஸ்டர் எழுந்து நின்றார். எதிரணிக்காரர்கள் இன்னும் புதரைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். "இன்னொண்ணு ஓடுல!" என்றார்.