ஜீரோ கவர்

வெள்ளைக் காரின் கதவோடு சேர்த்து வைத்துத்தான் உதயா அறைந்தான். செல்வநாதனின் தங்க விளிம்புக் கண்ணாடி எகிறிப் போய் இரும்புத் துருவில் விழுந்தது.

"மீன்பாடி வண்டிய அட்ச்சிட்டு நிக்காம வந்துகினே கீற? என் தம்பி கை ஒட்ஞ்சி ஆஸ்பத்திரில கெடக்குறான். வெள்ளக் காரு, தங்கக் கண்ணாடின்னு அவந்தான் அடையாளம் சொன்னான். ரோடு இன்னா ஒங்கப்பன் போட்டதா?"

கூட வந்த இருவர் கையிலும் கம்பி. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் அதற்கா பஞ்சம்? வரும் வழியில் குனிந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

செல்வநாதன் அறை வாங்குவதற்காகக் கோலாலம்பூரிலிருந்து வரவில்லை. இரும்பு வியாபாரி ராசையாவின் மகள் ராமசெல்வியைத் தன் மகனுக்குப் பேசி முடிக்க வந்திருந்தார். கடைக்குள் பேச்சு பழுத்து, தாம்பூலத் தட்டுக்கு ஆள் போயிருந்தது. மனைவிக்குப் போன் போட வாசலுக்கு வந்தவரைத்தான் இவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கத்தினாலும் உள்ளே கேட்காது. தகடு வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டால் இன்னும் ஆபத்து. ஆளை இடித்துப் போட்டுவிட்டு ஓடிவந்த சம்பந்தி என்று தெரிந்தால், தட்டு வந்த வழியே திரும்பிவிடும். ராசையா வெளியே வருவதற்குள் கதையை முடித்தாக வேண்டும்.

"தம்பி, நான் மலேசியக் குடிமகன். என் மேல கை வச்சா தூதரகம் பேசும்."

"பேசட்டும். எந்த நம்பர்லேந்து பேசும்?" என்று கேட்டுவிட்டு உதயா இரண்டாவது அறையை விட்டான். உதடு கிழிந்தது.

ரத்தத்தின் உப்பு நாக்கில் பட்டதும் செல்வநாதனுக்கு ஞானம் பிறந்தது.

காலையில் விமான நிலையத்தில் காரை வாடகைக்கு எடுத்தபோது, கவுன்டரில் இருந்த மோகனப்ரியா மூன்று விதமான கவர் சொன்னாள். சாதா கவர் என்றால் சேதத்தில் பெரும்பங்கு எடுத்தவர் தலையில். அடுத்தது பாதிக்குப் பாதி. ஜீரோ கவர் என்றால் வண்டி அப்பளமானாலும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம்.

"ஜீரோ போடும்மா," என்றார். அத்தோடு விட்டாரா? அந்நிய மண்ணில் கார் எடுப்பவன் முதலில் இன்ஷூரன்ஸ் படித்திருக்க வேண்டும் என்று, பின்னால் நின்ற வரிசை முழுவதற்கும் கேட்கும்படி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அந்த அந்நிய மண்ணில்தான், திருவொற்றியூரில் மண்ணெண்ணெய் கியூவில் நின்று, அவர் வளர்ந்தார்.

இங்கே கடை வாசலில் நிறுத்தியதும் வாட்ச்மேன் மஜீது சாவியைக் கேட்டான். ட்ரெய்லர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, யார் வந்தாலும் சாவி தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்றான். "ஜீரோ கவர் வண்டிப்பா, பயப்படாம வச்சுக்க," என்று அவன் கையில் விட்டெறிந்துவிட்டு உள்ளே போயிருந்தார்.

இப்போது அதே தோரணை திரும்பி வந்தது.

"தம்பி, என்னை அடிச்சா என்ன கிடைக்கும்? இடிச்சது வண்டிதானே. வண்டிய உடை."

உதயா ஓங்கிய கையை இறக்கினான். "இன்னா மாமு, காமெடி பண்றியா?"

"உடைன்னு சொல்றேன். ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்."

கூட வந்த வெற்றி குனிந்து முன் பம்பரைத் தடவிப் பார்த்தான். "இன்னா நைனா இது, அந்த இடி இட்ச்சிகீது, வண்டில ஒரு கோடுகூட இல்ல?"

செல்வநாதன் கிழிந்த உதட்டோடு சிரித்தார். "உங்க ஓட்டை மீன்பாடிக்கெல்லாம் கோடு விழுற வண்டிய நான் ஓட்டுறதில்ல தம்பி."

அந்த வாய்க்காக இறங்க வேண்டிய கம்பி, நல்லவேளையாக, காரின் மேல் இறங்கியது. முன் கண்ணாடி பொரியாகச் சிதறியது. உதயா கூட வந்தவனிடமிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கி, பானெட்டின் மேல் ஏறி நின்று கூரையைக் குழியாக்கினான். ஒரு விளக்கு, முழி பிதுங்கியதுபோல ஒயரில் தொங்கியது. வெற்றி உள்ளே புகுந்து சீட்டுகளின் வயிற்றைக் கிழித்தான். கார் அலறிய அலறல் மெஷின் சத்தத்தில் அமுங்கிப்போனது.

"பின் கண்ணாடிய விட்டுட்டியே தம்பி," என்றார் செல்வநாதன், மேஸ்திரியைப் போல. அதையும் போட்டார்கள்.

உதயாவின் முழங்கையில் ரத்தம் வழிந்தது. கோபமும் அதோடு கொஞ்சம் வழிந்துவிட்டிருந்தது. "ஒன்ன மாரி ஒரு ஆள நான் பாத்ததே இல்ல மாமு," என்றான் மூச்சு வாங்கியபடி.

மெஷின் நின்றது. தாம்பூலத் தட்டோடு ராசையா வாசலுக்கு வந்தார். வந்தவர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

சம்பந்தி மலைத்துப் போய்விட்டார் என்று செல்வநாதனுக்குப் புரிந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். இடித்த கதையைக்கூட இனி மறைக்கத் தேவையில்லை.

"பதறாதீங்க சம்பந்தி. சின்ன உரசல், பையங்க கோவமா வந்தாங்க. நான்தான் நல்லா உடைங்கடான்னு விட்டுட்டேன். நமக்கெல்லாம் இது ஒரு தூசி."

கடைக்குப் பின்னாலிருந்து மஜீது சாவியை ஆட்டிக்கொண்டு வந்தான்.

"ட்ரெய்லர் வந்திச்சின்னு ஒங்க வண்டிய பின் சந்துல வுட்டுகிறேன் சார். பம்பர்ல ஒரு கோடு கீது. நான் பண்ணல, அப்பவே இருந்திச்சி."

ராசையா தட்டை மஜீதிடம் கொடுத்துவிட்டு, உதயாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஏலே தம்பி, எங் கார ஒடச்ச அந்தக் கம்பிய இங்கன குடு."