பிடித்துப்போன பிஸ்டன்

கிக்கர் தடையில்லாமல் கீழே இறங்கியது.

அவன் காலை எடுத்துவிட்டு வண்டியைப் பார்த்தான்.

மறுபடியும் மிதித்தான். மறுபடியும் இறங்கியது.

இறங்கக் கூடாது. ஒன்பது வருடங்களுக்கு முன், மஸ்கட் போவதற்கு முந்தின வாரம், இந்தக் குட்டி மொபெட்டின் பிஸ்டன் சிலிண்டருக்குள் சூடேறிப் பிடித்துப்போயிருந்தது. பெட்ரோலில் ஆயில் கலக்க அவன்தான் மறந்திருந்தான்.

"நான் வந்து பாத்துக்கிடுதேன். நீ தொடாத," என்று மனைவி செல்வக்கனியிடம் சொல்லிவிட்டு, சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போனான்.

விடுப்பில் வந்த நான்கு முறையும் சாக்கு அப்படியேதான் இருந்தது. ஒருமுறைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை. அங்கே பணிமனையில் எந்நேரமும் லாரி இன்ஜின். வீட்டுக்கு வந்தால் தூக்கம்தான். அவள் வாசலறையில் உட்கார்ந்து ரவிக்கை தைப்பாள். மெஷின் சத்தத்தில் அவன் இன்னும் நன்றாகத் தூங்குவான்.

கடைசியாக, அவள் சாவுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நெஞ்சுவலி என்றார்கள். அவன் திரும்பிப் போகவில்லை.

நான்கு மாதமாக வீட்டில் அவன் மட்டும்.

இன்று காலை, சொன்ன வேலையையாவது செய்வோம் என்று சாக்கை எடுத்தான்.

பிடித்துப்போன பிஸ்டன் தானாக விடாது. அவனுக்குத் தெரியும்.

ஸ்பேனரை எடுத்தான். ஹெட்டின் நான்கு நட்டும் துருவில்லாமல் கழன்றன. சிலிண்டரை மெல்ல மேலே உருவினான். புகை வெளியேறும் துவாரத்தில் கரி கட்டிப்போயிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினான். பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடாமல் இவ்வளவு கரி சேராது.

பிஸ்டன் தலையைத் துடைத்தான். அளவு பொறித்திருந்தது. அவன் விட்டுப்போனதைவிட ஒரு அளவு பெரியது. அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்த்திருந்தது.

சரியாகத்தான் மாட்டியிருந்தார்கள்.

யார்?

சிலிண்டருக்கு அடியில் கசிவைத் தடுக்க வைத்திருந்த பேக்கிங் கடையில் வாங்கியது இல்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டியது. ஓரம் எங்கும் பிசிறில்லை. துணி வெட்டுகிற கத்தரி மட்டும்தான் அப்படி வளைந்து போகும். எண்ணெய் ஊறாத ஒரு மூலையில் நீலக் கோடு தெரிந்தது. தையல் சாக்பீஸ்.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்து வீட்டுச் சந்தனமாரி துணி காயப்போட வந்தவள், மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"பிரிச்சிட்டியளா அண்ணாச்சி? அக்காவும் இப்படித்தான் வாசல் பூரா பரப்பி வச்சிருந்தாவ. சிலிண்டர மடியில வச்சிக்கிட்டு பஸ்ல தூத்துக்குடி போயி லேத்துல கடைஞ்சிட்டு வந்தாவ. நாலு தடவ பிரிச்சி நாலு தடவ மாட்டுனாவ." அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "ஒங்கட்ட சொல்லலியா?"

அவன் தலையசைத்தான். ஆமாமா இல்லையா என்று அவளுக்குப் புரிந்திருக்காது.

"எங்க போவா?"

"கடல் பக்கம். தெனமும் சாயங்காலம் ஒரு சுத்து. எதுக்குக்கான்னு கேட்டா, சும்மாதான்னுவாவ."

பேக்கிங் பாதி சிலிண்டரோடும் பாதி இன்ஜினோடும் ஒட்டிக் கிழிந்திருந்தது. அதை வைத்து மாட்ட முடியாது. பிளேடால் சுரண்டினான். அட்டை துகள்துகளாக வந்தது. முகூர்த்த நேரத்தின் ஒரு எழுத்து வந்தது. அவள் கோடு வந்தது.

வேறு வழியில்லை. முழுவதையும் சுரண்டினான்.

இந்த வேலைக்கென்று அவன் வாங்கி வைத்திருந்த பிஸ்டன் ரிங் பழைய அளவு. இந்தப் பிஸ்டனுக்குச் சேராது. மறுநாள் அவனும் சிலிண்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினான். ஒரு மணி நேரம் மடியில் கனத்தது. வைக்க வேறு இடம் இருந்தும் வைக்கவில்லை.

புது ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு இடைவெளி பார்த்தான். புது பேக்கிங் வைத்து, ஆயில் தடவினான். இரண்டு விரலால் ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சிலிண்டரை இறக்கினான். எத்தனையோ முறை செய்த வேலை. இன்று மூன்று முறை நழுவியது. அவளுக்கு முதல் தடவை எத்தனை முறை நழுவியிருக்கும்? யார் வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்?

போனில் தினமும் பேசினாள். சாப்பிட்டியளா என்று கேட்டாள். இதை மட்டும் சொல்லவில்லை.

அவனும் கேட்டதில்லை.

ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி மிதித்தான். ஐந்தாவது மிதியில் உயிர் வந்தது. சைலன்சரில் எங்கோ ஒரு தகரம் விட்டுப்போய்க் கிலுகிலுவென்று அதிர்ந்தது. பிரிக்கும்போது அதை அவன் கவனித்திருக்கவில்லை. அப்படியே ஏறிப் புறப்பட்டான்.

சாயங்காலமாகியிருந்தது. உப்பளத்தைத் தாண்டி, உடைமரங்களைத் தாண்டி, தார்ச்சாலை மணலில் முடிகிற இடம் வரை ஒரே வழிதான்.

அங்கே ஓலைப்பந்தல் ஒன்று இருந்தது. ஒரு பெண் முதுகைக் காட்டியபடி குனிந்து கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பந்தலுக்குள் இரண்டு முக்காலிகள் கடலைப் பார்த்துப் போட்டிருந்தன.

கிலுகிலுச் சத்தம் கேட்டதும் அவள் முதுகு நிமிர்ந்தது. திரும்பவில்லை. கை வேலையை விடாமலே சத்தம் போட்டாள்.

"ஏட்டி கனி, இம்புட்டு நாளும் எங்கட்டி போயிக் கெடந்த? இரு, இந்தா கைய கழுவிட்டு வாரேன்."

இன்ஜினை அணைத்தால் அவள் திரும்பிவிடுவாள்.

அவன் அணைக்கவில்லை.