பதில் புளூட்டோனியம்

முல்லைத்தீவு ஆய்வுகூடத்தில் தவராசா ஐந்து வருடமாகப் ‘பதில்’ அதிகாரி, அதாவது, நிரந்தரமில்லை. நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று நெளுக்குளத்துப் பெண்வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அணுக்கழிவைக் கண்ணாடியோடு உருக்கி அடைத்துவைக்கலாமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்தக் கழிவிலுள்ள நிசப் புளூட்டோனியம் ஆளைக் கொல்லும். ஆகையால் அதற்குப் பதிலாகச் சீரியம் என்ற சாதுவான உலோகத்தைப் போட்டு உருக்கினார். ஆறிய மஞ்சள் கட்டியில் உதவியாளர் புனிதமலர் ‘பதில் புளூட்டோனியம்’ என்று சீட்டு ஒட்டினாள்.

“இதுவும் உங்கட சாதிதான் ஐயா, பதில்!” என்று சிரித்தாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் கொழும்பிலிருந்து நியமனக் கடிதம் வந்தது.

“நீர் வாசியும் பிள்ளை” என்று தவராசா அதைப் புனிதமலரிடம் நீட்டினார்.

“பதில் புளூட்டோனியம் அவர்கள் இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகிறார்...” புனிதமலர் தாளைத் திருப்பிப் பார்த்தாள். “உங்கட பேர் ஒரு இடத்திலையும் இல்லை ஐயா.”

கையொப்பமும் முத்திரையும் சரியாகவே இருந்தன.

ஐந்து வருடமாக வாய் திறக்காத கதிர்வீச்சுமானி மேசையில் ‘டிக், டிக்’ என்றது. கட்டியின் சீட்டில் ‘புளூட்டோனியம்’ மட்டும் இருந்தது.

தவராசா மெதுவாகக் கதிரையை விட்டு எழும்பினார். சேர்ட்டின் மேல்பொத்தானைப் பூட்டிக்கொண்டு, கட்டியின் முன்னால் கைகட்டி நின்றார்.