நாலாவது கையெழுத்து

"இது உங்கம்மா போட்ட கையெழுத்தா?"

ராங்க் கார்டை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார் கணக்கு டீச்சர். கடைசி பீரியடு. ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லை.

"ஆமா மிஸ்" என்றாள் ஏழாம் வகுப்புப் பெண். வகுப்பில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். கேட்டதற்கு ஒரு வார்த்தை பதில் வந்தாலே அதிகம்.

கார்டில் நாலு தேர்வு, நாலு கையெழுத்து. முதல் மூன்றும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல் இருந்தன. மூன்றிலும் கணக்கு தொண்ணூறுக்கு மேல். நாலாவதில் கணக்கு இருபத்தெட்டு. பக்கத்தில் இருந்த கையெழுத்து கோழி கிண்டியதுபோல் கிடந்தது. மை வேறு வலது பக்கமாக இழுபட்டுத் தேய்ந்திருந்தது.

முன்பெல்லாம் மறுநாளே கையெழுத்தோடு வருபவள், இந்த முறை பத்து நாள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். தோற்கப் பயப்படாதீங்க என்று வருஷம் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவர் அவர். இந்தத் தேர்வில் சாதாரணத் தாள், சவால் தாள் என்று இரண்டு வைத்து, பிடித்ததை எடுக்கச் சொன்னார். சவால் தாளை எடுத்தது வகுப்பிலேயே இந்த ஊமைக்கோட்டான் ஒருத்திதான். அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அவளே மார்க்கை வீட்டில் மறைத்துவிட்டாளே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"தோத்தது தப்பே இல்லம்மா. மறைச்சதுதான் தப்பு. நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா."

"அம்மாவால வர முடியாது மிஸ்."

"எல்லார் வீட்லயும் இதே பாட்டுதான். சரி, உன் ரஃப் நோட்டை எடு."

பெண் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். டீச்சர் விடவில்லை. நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டியதும் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி ஆயிற்று.

பக்கம் பக்கமாக அதே கையெழுத்து. முதல் பக்கத்தில் எது எழுத்து, எது கோடு என்றே தெரியவில்லை. ஐந்தாவதில் முதல் எழுத்து மெல்லத் தலைகாட்டியது. பத்தாவதில் ஒருவழியாக அது ஒரு பெயர் என்று படிக்க முடிந்தது. எல்லாப் பக்கத்திலும் மை வலது பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"திருட்டுக் கையெழுத்துக்குப் பட்ட பாட்டைக் கணக்குக்குப் பட்டிருந்தா பாஸாகியிருப்பியே."

டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். "வேணாம் மிஸ்" என்று பெண் கையை நீட்டுவதற்குள், நாலாவது கையெழுத்தின்மேல் பட்டையாக ஒரு கோடு விழுந்துவிட்டது.

பெண் அழுதாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. செய்த தப்பு உறைத்துவிட்டது என்று டீச்சருக்கு மனசு இளகியது. அவளைப் பக்கத்தில் இழுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அழாதே. நல்லா இருக்கிற மூணும் அம்மா போட்டது. கோணலா இருக்கிறது நீ போட்டது. இதை உன் வாயால சொல்லிடு, இத்தோட விட்டுடறேன்."

பெண் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள். மை காய்ந்துவிட்டிருந்தது.

"அம்மாவுக்கு வலது கை விளங்காது மிஸ். போன வருஷம் படுத்ததுலேருந்து அப்படித்தான். பேனாவே பிடிக்க முடியாது."

டீச்சர் ரஃப் நோட்டை மறுபடி கையில் எடுத்தார்.

"சவால் தாளை எடுத்தேன்னதும் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மார்க்கைக் காட்டினப்போ, 'கஷ்டமானதை எடுத்துத் தோத்திருக்கே, இதுக்கு நான்தான் போடுவேன்'னு சொன்னாங்க. இடது கையால பத்து நாளா எழுதிப் பழகினாங்க மிஸ். நான்தான் நோட்டைப் பிடிச்சுக்கிட்டேன்."

தன் கை போட்ட கோட்டைப் பார்க்க டீச்சருக்குத் தெம்பில்லை. பார்வையை மேலே, வரிசையாக நின்ற அந்த அழகான கையெழுத்துகளுக்குக் கொண்டுபோனார்.

"அப்போ… இந்த மூணும்?"

"அதுதான் நான் போட்டது மிஸ். அதை அடிங்க."