பதினோராவது டம்ளர்

குழந்தைகள் காப்பகங்களைச் சோதிக்கப் போகும்போது அந்த அதிகாரி, குழந்தைகளை எண்ணுவதே இல்லை. ஆள் கணக்குக் காட்டக் காப்பகத்தார் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் நேராகச் சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்த பால் டம்ளர்களை எண்ணுவார்.

இந்தத் தொழிற்சாலைக் காப்பகத்தில் பதினொன்று இருந்தன.

"பதிவேட்டுல பத்துப் பேர்தானே?"

ஆயா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணு எனக்குங்க" என்றாள்.

"இத்தனூண்டு டம்ளர்லயா? என் காதுல பூ சுத்தாதீங்க. செலவுல ஒரு பங்கு அரசாங்கம், ஒரு பங்கு கம்பெனி, ஒரு பங்கு பெத்தவங்க. இந்தப் பிள்ளைக்கு யார் தர்றாங்க?"

"கம்பெனியில இல்லாத வெளியாள் ஒருத்தரோட குழந்தைங்க அது. மூணு பங்கையும் அப்பாவே கட்டிடறார். அவருக்கு வீட்டுலயே கம்ப்யூட்டர் வேலை. பிள்ளையையும் வெச்சுக்கிட்டு முடியலையாம்."

"அம்மா என்ன பண்றாங்களாம்?"

"அரசாங்க உத்தியோகமாம். அவங்க ஆபீஸ்ல காப்பகமே கிடையாதாம்."

"நல்லாத்தான் கதை விட்டிருக்கார். பிள்ளையைக் காட்டுங்க, இல்லேன்னா காப்பகத்தை மூடச் சொல்லி எழுதிடுவேன்."

ஆயா கூப்பிடுவதற்குள், அலமாரிக்குப் பின்னாலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தை ஓடிவந்து அதிகாரியின் காலைக் கட்டிக்கொண்டது.

"அம்மா, நான் இங்க வர்றதை உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."