சூப்புக் கறை படிந்த மருந்து நோட்டு

பக்கவாதத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்த ராமென் நூடுல்ஸ் சூப்புக் கடைக்காரி தோகியே, இடது கையால் சாப்பிடும் மருந்துகளைக் குறித்துவைக்கும், சூப்புக் கறை படிந்த தன் மருந்து நோட்டை நீட்டினாள்.

"கதைப் புத்தகம் படிக்க இப்ப நேரமில்லம்மா," என்றார் டாக்டர் இசோகாய்.

இரத்தம் உறையாமலிருக்க அவள் சாப்பிடும் மாத்திரை அதில் எழுதியிருந்தது. நோட்டைத் திறக்காமலே அவர் போட்ட, அடைப்பைக் கரைக்கும் ஊசி அந்த மாத்திரையோடு சேர்ந்ததும், மூளைக்குள் இரத்தம் பெருகி இறந்துபோனாள். நோட்டையும் அவளோடு எரித்தார்கள்.

மூன்றாம் வருஷம் அதே கட்டிலில் இசோகாய் வாய் கோணிக் கிடந்தார். பேச்சு வரவில்லை. அதே மாத்திரையைக் காலையில்தான் விழுங்கியிருந்தார். அவரிடம் மருந்து நோட்டே கிடையாது. ஆனால் நர்ஸ் அவர் சட்டைப்பையிலிருந்து, சூப்புக் கறை படிந்த ஒன்றை எடுத்தாள். அட்டையில் இடது கைக் கோணல் எழுத்தில் அவர் பெயர்.

இளம் டாக்டர் நிதானமாகப் புரட்டினாள்.

"ஒரு பக்கம் விடாமப் படிச்சுட்டேன் சார். ஒரு மருந்துமே எழுதலை. பயப்படாதீங்க, ஊசி போட்டுடலாம்."