முக்கி எடுத்தும் எழாத கோழி

என்னை முதலில் அவமானப்படுத்தியது கொண்டைச் சேவல்தான்.

நானும் செவலைக்கோழியும் ஒரே நாளில் அடை படுத்தோம். ஒரே பாம்பு இரண்டு கூடையிலும் முட்டைகளை விழுங்கிவிட்டது. நாங்கள் வெறுங்கூடையிலேயே கிடந்தோம். அடைகாக்கும் கிறக்கம் தெளியட்டும் என்று வீட்டுக்காரி பொன்னாத்தா எங்களைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தாள். செவலை உதறிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனது. நான் ஈரத்தோடு கூடைக்கே திரும்பினேன்.

"அவளுக்கும் அதே பாம்பு, அதே தண்ணிதானே? உனக்கு மட்டும் என்னடி கேடு?" என்று சேவல் எல்லோர் முன்னாலும் கேட்டது.

"தெரியலையே. கம்பு தூவுற சத்தம் கேக்குது, கால்தான் எழமாட்டேங்குது." சொல்லும்போதே கூசியது. எச்சம் படிந்த இறகு வெளியே தெரியாதபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செவலை மட்டும் அருகில் வந்தது. "என்னைத் தண்ணி எழுப்பிச்சு. உன்னை ஏன் எழுப்பலைன்னு எனக்கும் புரியலை அக்கா."

"தீனியும் எடுக்கலை, முட்டையும் இல்லை. ஞாயித்துக்கிழமை அறுத்துடலாம்" என்றாள் பொன்னாத்தா. அதைக் கேட்டும் என் கால் எழவில்லை.

சனிக்கிழமை காலை, காரணம் தெரியாமலே எழுந்துபோய்க் கொஞ்சம் கம்பு கொத்தினேன்.

"கத்தின்னதும் எழுந்துட்டா பாருங்க. இத்தனை நாளும் நடிப்பு" என்றது சேவல்.

அதன்பின் இரண்டு ஈடு குஞ்சு பொரித்துவிட்டேன். 'நடிப்பு' என்ற அந்தச் சொல்லைச் சேவல் இன்னும் திரும்பப் பெறவில்லை.